அம்மைத் தழும்பு

விடிகாலை மூன்று. நெரிமாவில் மழை.
கனெதோகி பிரபுவின் கன்னத்தில்
ஒவ்வொன்றாய்த் தழும்பு வைக்கிறாள் தமாவோ.
பதினொன்று:
அரண்மனை வைத்தியர் எண்ணியே எழுதியிருக்கிறார்.

"பதினேழு வயசு, கண்ணில் நட்சத்திரம்,
வழுவழு முகம்.
வடுவுக்கு எந்தப் பெண் ஓட்டுப் போடுவாள்?"
தொலைபேசியில் பத்திரிகை ஆசிரியர் குருமிசாவா.

போன மாதம் பிரபுவின் ஊருக்கே போயிருந்தாள்.
கோட்டை வாசலில் குதிரைமேல் சிலை.
காலடியில் யாரோ வைத்த சாக்கேப் புட்டி.
எம்பி எம்பிப் பார்த்தாள்.
வெண்கலத்துக்கு அம்மை போடவே இல்லை.

சிலையைப் பார்த்துச் சிரித்ததற்கு
காவலாளி முறைத்தான்.

வெள்ளை மையைத் திறக்கிறாள்.
மூடுகிறாள்.
பிரபுவை இன்னும் இரண்டு வரி பேசவிட்டு
வசன பலூனை ஊதுகிறாள்,
இடக்கன்னம் முழுக்க மறையும்வரை.

பலூனுக்கு அடியில்
மை இன்னும் காயவில்லை.