ஒரு பக்கத்துக்கு இருபது ரூபாய்

தம்புச்செட்டித் தெருவில் முதல் மாடி.
கீழே ஜூஸ் கடை, மேலே ஒரு நோட்டரி,
நடுவில் நான்:
தட்டச்சு, ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங்.

பதினோரு வருடமாக
அடுத்தவர் சத்தியத்தை அடித்துக் கொடுக்கிறேன்.
"மேற்படி விலாசத்தில் வசிக்கும்
சுமார் நாற்பது வயதுள்ள நான்
சத்தியப்பிரமாணமாக உறுதி கூறுவது யாதெனில்..."
ஒரு நாளைக்கு நூறு 'நான்' அடிப்பேன்.
அதில் ஒன்றுகூட நான் இல்லை.

திரையின் ஓரத்தில் காலையிலிருந்து
சட்டக் கல்லூரி விண்ணப்பம் திறந்து கிடக்கிறது.
மூன்று வருடப் படிப்பு. கடைசி நாள் இன்று, மாலை ஐந்து.
பி.காம். மதிப்பெண் வரை நிரப்பியாயிற்று.
பணம் கட்டும் இடத்தில் நிற்கிறது.

முப்பத்தாறு. படித்து முடித்தால் முப்பத்தொன்பது.
பகல் வகுப்பு என்றால் கடையை யார் பார்ப்பது?
நான் கடைசி வருடப் பரீட்சை எழுதும்போது
மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவாள்.
ஒரு வீட்டில் ஒரு மேஜைதான்.
குணாளனிடம் கேட்டேன்.
போனைப் பார்த்தபடியே "செய்யேன்" என்றான்.
கோர்ட் பாஷையில் இதற்கு
ஆட்சேபணை இல்லை என்று பெயர்.
ஆதரவு வேறு பத்தி.

மத்தியானம் திவ்யநாதன் வந்தார், ஜூனியர்.
கோட்டின் கை விளிம்பில் நூல் பிரிந்து தொங்கியது.
"நாலு வருஷம் மேடம். சீனியர் மாசம் எட்டாயிரம் தர்றார்,
அதுவும் ஞாபகப்படுத்தினாத்தான்."
எனக்கு அவர் தரவேண்டியது முன்னூற்று நாற்பது.
ஞாபகப்படுத்தவில்லை.

ஒருமுறை மதிய இடைவேளையில்
சாப்பாட்டு டப்பாவோடு குடும்ப நீதிமன்றம் போய்
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
இடைவேளை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.
நான் அடித்த பக்கத்தை நீதிபதி வாய்விட்டுப் படித்தார்.
நான் காற்புள்ளி வைத்த இடத்தில்
அவர் மூச்சு வாங்கினார்.
அன்றைக்கு ஆரம்பித்தது இது
என்று சொல்லிக்கொள்ளலாம். நன்றாகத்தான் இருக்கும்.
ஆனால் சத்தியப்பிரமாணம் என்றால்
இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

போன மாசியில் சிந்தாமணியின் ஜீவனாம்ச மனு.
எதிர்மனுதாரர் விலாசம் காசிமேடு, கதவு எண் 17.
என் விரல் 71 அடித்தது.
அமீனா யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு வந்தார்.
நோட்டீஸ் திரும்பியது. வாய்தா.
பிறகு ஒரு வாய்தா. பிறகு மே மாத விடுமுறை.
நாலு மாதம் அவள் பையனுக்கு
வேன் கட்டணம் கட்டவில்லையாம், நடந்தே போனானாம்.
புது விலாசம் அடிக்க என்னிடமே வந்தாள்.
"கோர்ட்டுன்னா இழுக்கத்தானேம்மா செய்யும்."
"ஆமாக்கா" என்றேன்.
இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டேன்.

வக்கீலானால் தப்பு செய்யமாட்டேன் என்றில்லை.
பெரிதாகச் செய்யலாம்,
யார் செய்ததென்று
பக்கத்தின் கீழே என் பெயர் இருக்கும்.
அது வேண்டும் எனக்கு.
வேறு காரணம் யாராவது கேட்டால்
மகள் பேரைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

நாலு ஐம்பது.
படியேறி மூச்சிரைக்க ஒரு குமாஸ்தா:
"அர்ஜென்ட் மேடம், ரெண்டே பக்கம்."
"உட்காருங்க. பத்து நிமிஷம் வாய்தா."
சிரித்தாரா தெரியவில்லை, நான் திரும்பவில்லை.

பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது.
கணக்கு குணாளன் பேரில்.
உடனே போன் அடித்தது.
"ஏதோ ஓடிபி வந்திருக்கு, நீயா?"
"நான்தான்."
கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும்.
பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான்.
"இரு, இரு. கடைசி ரெண்டு,
ஒண்ணு ஏழா, ஏழு ஒண்ணா?
மெதுவா. இன்னொரு தடவை சொல்லு."