பத்தி ஏழு

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது விண்ணப்பம்.
பத்தி ஏழு: தற்போதைய கரை எங்கே?

ஜூனில் அளந்தபோது
வேலிக்கம்பியிலிருந்து நாலு மீட்டர் பத்து.
அதைத்தான் எழுதினோம்.
வரைபடத்துக்கு முத்திரை கேட்டார்கள்,
முத்திரைக்குப் பொறியாளர் வேண்டுமென்றார்கள்,
அவரோ மண் மாதிரி கேட்டார்.
செப்டம்பரில் மூன்று எண்பது.

"வரைபடமும் தளமும் பொருந்தவில்லை."
மின்னஞ்சலின் கீழே ஹுவீ லிங்.
கோபப்படாதவள்; அவள் சொன்னதில் பிழையுமில்லை.
அலையாத்தி வேர்மேல் கல் விழக்கூடாது,
எதிர்க்கரைக்கு அலையைத் தள்ளிவிடக்கூடாது,
ஓதம் ஏறும்போது எந்திரம் இறங்கக்கூடாது.
எல்லாம் சரிதான்.
ஆறுதான் இன்னும் படிக்கவில்லை.

இன்று ஃபைரூஸும் நானும்
கிராஞ்சிச் சேற்றில், மறுபடி அளவுகோலோடு.
அவன் கோலை ஊன்றினான்.
ஊன்றிய இடம் மெல்ல உட்கார்ந்தது.
"எழுது, சீக்கிரம்" என்றான்,
ஓடும் டாக்சியின் எண்ணைச் சொல்வதுபோல.

எங்கள் மொழியில் இதன் பெயர் கரை என்றேன்.
அதுவே ஏவல்வினையும்.
கூப்பிட்டால் கரைந்துவிடும்.
"அப்படியென்றால் பெயரை மாற்று" என்று
பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டினான்.

தற்காலிகமாக நாங்கள் அடுக்கிய மணல்மூட்டைகளில்
ஒன்று கிழிந்திருந்தது.
கிழிசலில் விரல் நீளத்துக்கு
ஒரு கண்டல் நாற்று, இரண்டே இலை.
படம் எடுத்துக்கொண்டேன்.
எந்தப் பத்தியில் இணைப்பதென்று தெரியவில்லை.

ஏழில் மூன்று அறுபத்தைந்து என்று எழுதி
பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன்:
மாலை நாலு இருபது.
ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.