ஒன்பதாம் பக்கம்

இரவு ரயிலில் வந்து இறங்கினேன்.
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
மட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.
கம்பனிக் கடிதங்கள் இருந்த பையை
மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பாலையூற்று. பெயரிலேயே ஊற்று.
அரை ஏக்கர் நிலம், முன்னாள் மண்ணெண்ணெய் டிப்போ.
இப்போது எருக்கலை, காதுடைந்த அளவைக் குவளை,
மண்ணுக்குள் மூன்று தாங்கிகள்,
கடற்படை கழித்துக் கட்டியதை
ஏலத்தில் எடுத்தவை.
பக்கத்து வளவுக் கிணற்றில் வாளி இறங்கினால்
ஒரு வானவில் விலகி வழிவிட்டு
மறுபடி மூடிக்கொள்கிறது.
அந்தத் தண்ணீரில் அவர்கள் கால் மட்டும் கழுவுகிறார்கள்.
பிறகு காலைக் கழுவ வேறு தண்ணீர்.

யோகாம்பிகை, உரிமைக்காரி.
துப்புரவாக்கச் சொல்லிக் கட்டளை வந்திருந்தது.
நிலத்தின் விலையைவிட
நிலத்தைக் கழுவும் விலை கூட.
விற்றுக் கழுவலாமென்றால்
கழுவாமல் விற்க முடியாது.

மாரி மழைக்குச் சுவர் ஊறியபோது
மாமனார் டிப்போ திறந்த நாள் படத்தை
அவர் இறக்கியிருக்கிறார்.
படம் ஆடாதிருக்கப் பின்பலகையில்
எட்டாய் மடித்துச் செருகியிருந்தது
அறுபதாம் ஆண்டின் காப்புறுதிப் பத்திரம்.
மூன்றாம் ஆளின் சொத்துக்கு நேரும் சேதம்,
காலம் மூன்று வருடம்.
கம்பனி மூன்று தரம் பெயர் மாறிவிட்டது.
மாறிய பெயர்களுக்கெல்லாம் சம்பளக்காரன் நான்,
ஏன் கொடுக்க முடியாது என்று எழுத வந்தவன்.

"எப்ப ஒழுகத் தொடங்கினது எண்டு
ஆருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தேன்.
அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.
அறுபத்திரண்டு, ஆவணி.
பக்கத்து வளவு சூசைப்பிள்ளை எழுதியது:
ஐயா, எங்கள் கிணற்றில் விளக்கு வாசம் வருகிறது.
பின்புறத்தில், மாமனாரின் கையெழுத்தில்,
பால்காரனுக்குக் கொடுத்த கணக்கு.

அந்த ஒரு தாள் போதும்,
சேதம் காலத்துக்குள் நடந்தது.
அந்த ஒரு தாளே போதும்,
அவருக்கு அது தெரிந்திருந்தது.
தெரிந்தும் விட்டதற்குக் காப்பு இல்லையென்று
பத்திரங்களில் ஒரு வரி உண்டு,
விலக்குகளுக்குள், ஒன்பதாம் பக்கத்தில்.

பத்திரத்தைப் பிரித்தேன்.
எட்டு. பத்து.
நடுவே சல்லடையாய் ஒரு தாள்,
கறையான் தின்று மிச்சம் வைத்த
"ஆகவே" என்ற ஒரு சொல்.

"உங்கட பிரதி கொழும்பில இருக்குமே?"
"எரிஞ்சுபோச்சு" என்றேன்.
எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை,
நான் சொல்லவுமில்லை.
கொஞ்ச நேரம் இருவரும் கறையானைப் பார்த்தோம்.
அது யாருக்காகத் தின்றது?

எழுதினேன்:
விலக்கு இருந்ததென்பதற்குச் சான்றில்லை.
மேலிடம் ஏழு மாதம் முனகியது,
கேட்டதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே தந்தது.

தாங்கிகளை எடுத்த அன்றைக்கு மறுபடி போனேன்.
கருத்த மண், ஈரலின் நிறம்.
நாற்பத்தொரு டிப்பர். எண்ணினேன், அது என் வேலை.
புதுக் கிணற்றுக்கும் பணம் ஒதுக்கியிருந்தது.
சூசைப்பிள்ளையின் மகள் வேலிக்கு அப்பால் நின்று
முதல் வாளியை முகர்ந்தார், குடிக்கவில்லை.
"நாளைக்குப் பாப்பம்" என்றார்.
அறுபது வருடம் பொறுத்தவருக்கு
அவசரம் ஒன்றும் இல்லை.

டிப்பர்கள் எங்கே போகின்றன என்று
ஓட்டுநரைக் கேட்டேன்.
கன்னியாப் பக்கம், ஒரு பள்ளம்.
யாருடைய நிலம்?
"ஆற்றையும் இல்லை" என்றான்,
கதவை அடித்துச் சாத்திக்கொண்டு.
யாருடையதுமில்லாத நிலத்துக்குப்
பத்திரம் இல்லை, படச்சட்டம் இல்லை,
கறையானுக்குத் தின்ன ஒரு தாளுமில்லை.
என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

மூலப் பத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன், விதி.
யோகாம்பிகை படத்தைத் திரும்ப மாட்டினார்.
பின்னால் ஒன்றுமில்லாமல்
மாமனார் கண்ணாடிக்குள் மெல்லச் சரிந்தார்.
"இதுக்குப் பின்னால இனி
என்னத்த வைக்கிறது, தம்பி?"

பையைத் துழாவினேன்.
மானுக்குத் தப்பிய ஒரு பழைய பத்திரிகை இருந்தது.