காசுக்கு ஞாபகம் இல்லை

திருத்துறைப்பூண்டி தாண்டி
எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத பள்ளிக்கூடம்.
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஆறாவது பீரியட்.

சுண்டினேன். தலை.
மறுபடி தலை. மறுபடியும்.
நாலாவது? என்றேன்.
"பூதான் சார் வரணும்" என்றான் பிரகலாதன்,
பாக்கி கேட்பவனைப் போல.

காசுக்கு ஞாபகம் கிடையாது என்று
பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன்.
எப்போதும் பாதிக்குப் பாதி.
போன மூன்றும் அதற்குத் தெரியாது.

"அப்ப ஆத்துக்கு?"
ஜன்னலோரம் சகாயமேரி.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு கட்டம்.
கடைமடைக்குத் தண்ணீர் வந்த வருடம் டிக்,
வராத வருடம் பெருக்கல் குறி.
டிக் நாலு.

பதினொன்றில் நாலு என்றேன்.
சரியான விடைதான். அவள் உட்காரவில்லை.

"ஒரு பெருக்கல் விழுந்தா
தோடு சொசைட்டிக்குப் போயிருது சார்.
அடுத்த வருசம் தண்ணி வந்தாலும்
விதைநெல்லுக்கு வழியில்ல.
காசுக்கு ஞாபகம் இல்லன்னீங்க.
சொசைட்டிக்கு இருக்கே."

வகுப்பு சிரித்தது, நானும்.
ஒன்று நடந்துவிட்டது எனில்
மற்றொன்று நடக்க என்ன வாய்ப்பு?
அந்தப் பாடம் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும்.
இவள் பதினொன்றாம் வகுப்புக்கு வர
என்ன வாய்ப்பு என்று
பலகையில் எழுதவில்லை.

மணி அடித்தது.
"மொத்தம் ஏழு எக்ஸ் சார்" என்று
நோட்டை மூடினாள்.
எக்ஸின் மதிப்பு காண்க என்று
இருபது வருடமாகக் கேட்டுவருபவன்
சாக்பீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது என்ன விழும் என்று
பிரகலாதன் சைக்கிள் ஸ்டாண்டு வரை
பின்னாலேயே வந்தான்.