நாற்பத்தொரு நொடி

தோர்ஷாவன். இரவு ஒன்றே கால்.
மீன் உறையவைத்த பழைய கிடங்கில்
இப்போது ஆறு சர்வர்கள்.
குளிர் அதே குளிர்தான்,
வாடையும் முழுக்கப் போய்விடவில்லை.

ரன்வா கையுறையைப் பல்லால் கழற்றுகிறாள்.

ஆறுக்குள் நூற்று எண்பது கணினிகள்,
உடம்பில்லாத குடித்தனங்கள்:
ஆஸ்பத்திரி மருந்துக் கணக்கு,
கடலடிச் சுரங்கத்தின் காற்றாடிகள்,
விடியற்கால மீன் ஏலம்,
மேட்டுத் தேவாலயத்தின் மணி.
ஒன்றையும் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு.
நிறுத்தாமல் எல்லாவற்றையும் மாற்று என்பதும்
அதே தாளில்தான் இருந்தது.

முதல் சர்வரிலிருந்து அச்சு எடுத்தாயிற்று.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அடுத்தது, வரிசையாக,
வீட்டைக் காலி செய்யும் வேலை.

நினைவை நகலெடுக்கும்.
எடுப்பதற்குள் மாறியதை மறுபடி எடுக்கும்.
அதற்குள் மாறியதை, மறுபடி.
மிச்சம் ஒரு சிட்டிகை ஆனதும்
மூச்சைப் பிடித்து ஒரு தாவல்.
ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ்
'ப' அடித்தது இந்த இரும்பில்,
அதற்குப் புள்ளி விழுந்தது பக்கத்து இரும்பில்.
அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் ரன்வாவுக்கு வேலை போயிருக்கும்.

காலியான சர்வர் அச்சை வாங்கும்,
அணையும், எழும்,
பச்சை காட்டும். குடித்தனங்கள் திரும்பும்.
இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவது எழ மறுத்துப் பதினோரு நிமிடம்
அவள் வயிற்றைப் பிசைந்தது, பிறகு எழுந்தது.

ஆறாவது மட்டும் சிவப்பு.
ஒரே ஒரு வரி பொருந்தவில்லை:
மணி கேட்கும் முகவரி.
ஐந்தும் ஓரிடத்தில் நேரம் கேட்க
இது மட்டும் வேறெங்கோ கேட்கிறது.
மூன்று வருடம் முன் ஹானுஸ் கையால் எழுதியது.
ஹானுஸ் இப்போது ஏதோ இழுவைப்படகில்.

திருத்து என்ற பொத்தான் தயாராக நிற்கிறது.
விரலும்.

எதற்கும் ஒருமுறை போனைப் பார்த்தாள்.
ஆறாவதும் போனும் ஒரே நொடி.
மற்ற ஐந்தும்
நாற்பத்தொரு நொடி பின்னால்,
ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகாமல்,
பச்சையாக.

எடுத்த சோறே வேகாதது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது ஓஸ்வால்ட்,
மணி பார்க்கும் சாமர்த்தியசாலி கிழவர்;
மாதம் ஒரு கடிதம்:
"ரேடியோ ஏழு என்ற பிறகுதான்
என் மணி ஏழு என்கிறது."
கடிதங்களை வைக்க ஒரு கோப்பு இருந்தது.
கோப்புக்கு 'காதுக் கோளாறு' என்று பெயர்.
பெயர் வைத்தது அவள்தான்.

பொத்தானை விட்டுவிட்டு
அச்சைத் திருத்தினாள்.
மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொன்றாய்.
இந்த முறை அணைத்து எழுப்ப வேண்டியதில்லை,
ஆனாலும் காலி செய்துதான் தொட்டாள்.

நேரத்தை ஒரே தாவலில் நகர்த்த முடியாது,
மருந்துக் கணக்கு குழம்பும்.
நொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி
ஊருக்குத் தெரியாமல் ஊரை இழுக்க வேண்டும்.
ஒரு நாள் ஆகும், ஏறக்குறைய.

நாலு மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை.
ஏழுக்கு மேட்டுப் பாதையில், காற்றுக்கு முதுகு காட்டி
போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தைந்து நொடி தாமதமாக
மணி அடித்தது.

கிழவர் இன்றும் எழுதுவார்.