நாற்பத்தெட்டு கிலோ

நான்காவது வரியில், கொய்யா மரம் தாண்டி,
மண் கொஞ்சம் முதுகைத் தூக்கும் இடத்தில்
அது சாகும்.
ஒரு விக்கல். அப்புறம் ஒன்றுமில்லை.
சாவியைத் திருப்பினால் பிழைத்துக்கொள்ளும்,
எதுவுமே நடக்காத மாதிரி.

ஸ்டாங்கரில் மூடிப்போன ஒரு கிளப்பின் ஏலத்தில்
பதினோராயிரம் ராண்டுக்கு எடுத்தேன்.
சிவப்பு வண்டி, வெயிலில் பாதி ரோஸ் ஆகிவிட்டது.
டொங்காட்டில், எங்கள் தெருவில்,
உட்கார்ந்தபடி புல் வெட்டும் முதல் பெண் நான்தான் என்று
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
தேவராஜ் மூட்லி அறிவித்தார்.
பாராட்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பெட்ரோலைச் சந்தேகித்தேன்.
குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் கிடந்து
வார்னிஷ் வாசம் அடித்தது. வடித்துவிட்டேன்.
கார்புரேட்டரின் சின்னக் கிண்ணத்தைக் கழற்றினால்
அடியில் தேன் நிறத்தில் பிசின்.
பல் தேய்த்த பழைய பிரஷ், கிளீனர் ஒரு டின்,
ஊசித் துளைக்கு ஒற்றைச் செம்புக் கம்பி.
ஒரு சனிக்கிழமை போயிற்று.
ஞாயிறு காலை, நான்காவது வரி:
செத்தது.

அடுத்த வாரம் காற்று வடிகட்டி.
தட்டினால் கருப்பாகக் கொட்டியது,
கரும்புக் காடு எரியும் மாதங்களில்
கொடியில் காயும் வெள்ளைத் துணியைத் தேடி வந்து விழும்
அதே கரி.
பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சைக்குச்
சுடுதண்ணீரும் சமையல் சோடாவும்.
பிளக்கின் வயரைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான்
பிளேடுக்கு அடியில் கையை நுழைத்தேன்:
ஆலையில் சம்பளக் கணக்குப் போட
எனக்குப் பத்து விரலும் வேண்டும்.
பிளேடு தீட்டியாயிற்று, பெல்ட் மாற்றியாயிற்று.
நான்காவது வரி.

நிலம்தான் கோணல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆடத் தெரியாதவள் கூடத்தைப் பழித்த கதை
நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

உதிரிபாகக் கடையில் ஹ்லெங்கிவே
பெட்ரோல் பற்றிக் கேட்கவில்லை, பிளக் பற்றியும் இல்லை.
கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி
என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.
"நீங்கள் எத்தனை கிலோ?"

சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டாம்.
ஆள் இருந்தால் ஓடும், ஆள் எழுந்தால் நிற்கும்.
கிளப்பில் இதை ஓட்டியவர் நூற்றுப் பத்துக்குக் குறையார்;
ஸ்பிரிங் அவருக்காக இறுக்கியது.
மேட்டில் ஏறும்போது நான் ஒரு விரற்கடை எழும்புகிறேன்,
வண்டி நினைக்கிறது, விழுந்துவிட்டாள் என்று.

மூன்று வாரமாக அதே மேட்டில்
நான் விழுந்துவிட்டதாக எண்ணி
அது கத்தியை நிறுத்தியிருக்கிறது.
நானோ அதன் ஏழு தலைமுறையையும்
இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால கோத்துடு,
அப்புறம் நிக்கவே நிக்காது" என்றார் தேவராஜ்.
செருப்பில் அவருடைய இடது காலுக்கு
மூன்று விரல்தான்.
எந்த வண்டி என்று நான் கேட்டதில்லை,
அவரும் சொன்னதில்லை.

பேப்பர் கிளிப் மேசை டிராயரிலேயே இருக்கட்டும்.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரால்
ஸ்பிரிங்கை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.
அறுந்த செருப்பின் குதிகாலை வட்டமாக நறுக்கி
ஸ்விட்சின் தலைக்கு மேல் ஒட்டினேன்.
ஒட்டிவிட்டு, நின்றபடி ஒருமுறை எழுந்து பார்த்தேன்:
நின்றது. சரி.
உட்கார்ந்தேன். சாவி.

கொய்யா மரம்.
மேடு.
வயிறு ஒருமுறை மேலே போய் வந்தது.
வண்டிக்கு விக்கல் இல்லை.
வெட்டிய கிக்குயு புல்லின் பச்சை வாசத்துக்குப் பின்னால்
மூன்று ஹடீடாக்கள் புழு பொறுக்கியபடி
என் ஊர்வலத்தில் நடந்து வந்தன.

பதினோராவது வரியில், சமதரையில்,
நின்றது.
சீட்டைத் தூக்கினேன், ரப்பர் இருந்தது.
ஸ்பிரிங் இருந்தது, வயர் இருந்தது.
மண்டியிட்டு, டார்ச் அடித்து,
எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்து
எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

வேலிக்கு மேல் தலை ஒன்று எழுந்தது.
"பெட்ரோல் இருக்கா?"

இன்னும் இரண்டு வரிப் புல்
அப்படியே நிற்கிறது.