வியாழன் இரவு, நாற்பது நிமிடம்

நோட்டரி தும்மிவிட்டுத் தொடர்ந்தார்:
வீட்டின் மூன்றில் ஒரு பங்கு, கூடுதலாக,
மகள் எருந்தினாவுக்கு,
“என்னைப் பார்த்துக்கொண்டதற்காக.”
எங்கள் கலீசியாவில் இதற்கு மேம்பாடு என்று பெயர்.
யார் யாரை மேம்படுத்தினார்கள் என்று
பத்திரம் சொல்வதில்லை.

மிச்சமெல்லாம் மூவருக்கும்.
அமாரோவுக்கு மேட்டுக் கஷ்கொட்டை மரம்.
மரம் மட்டும்.
மண் பக்கத்து வீட்டுக்காரனுடையது.
புவெனோஸ் ஐரிஸிலிருந்து
தொலைபேசியில் கேட்டான் அமாரோ:
“நிழல் யாருக்கு?”
நோட்டரி பக்கத்தைப் புரட்டித் தேடினார்,
நிஜமாகவே.

புல்வெளி மூன்று பட்டையாக.
அதற்குப் பாயும் வாய்க்கால் தண்ணீர்,
வியாழன் இரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை,
அதுவும் மூன்றாக.
ஆளுக்கு நாற்பது நிமிடம்.
அப்பா யாரையும் ஏமாற்றவில்லை.
நாங்கள்தான் ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம்,
நானும், தொலைபேசியும்.

மார்ச்சில் வக்கீல் வழியாக
நான் அனுப்பிய கடிதம்
அவள் சமையலறையில், குளிர்பெட்டிக் கதவில்,
எரிவாயுக்காரனின் எண்ணுக்குக் கீழே.
“நியாயமற்ற” என்ற சொல் இரண்டு முறை வருகிறது.
ஒளித்துவைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.
பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன்.

அன்றிரவு என் பழைய கட்டிலில்,
கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க,
கைபேசியில் கணக்குப் போட்டேன்.
அவளுக்கு எவ்வளவு அதிகம் என்று காட்ட
எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது.

அந்தப் பங்கின் மதிப்பு இருபத்தோராயிரம் யூரோ.
அப்பா மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து
அடக்கம் வரை பதினோரு வருடம்.
நாலாயிரத்துப் பதினெட்டு நாள்.
வகுத்தேன்.
நாளுக்கு ஐந்து யூரோ இருபத்து மூன்று சென்ட்.
விரல் பிசகியிருக்கும் என்று மறுபடி வகுத்தேன்.
மணிக்கு இருபத்திரண்டு சென்ட்.

பாசலில் எங்கள் நாயை நடத்திப் போகும் பையனுக்கு
மணிக்கு இருபது பிராங்க் கொடுக்கிறேன்.
கிறிஸ்துமஸுக்குத் தனியாக.

ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் அடக்கம்.
படுக்கைவிரிப்பு மூன்று முறை மாறிய இரவுகள் அடக்கம்.
கடைசி இரண்டு வருடம்
அப்பா அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்:
“செல்சோ, தண்ணீர் கொடு, செல்சோ.”
செல்சோ கொடுத்திருக்கிறான், பார்,
இருபத்திரண்டு சென்டுக்கு.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.
என்னவென்று சொல்வது?
உனக்குக் குறைச்சல் என்றா?
அதுவும் விலை பேசுவதுதானே.

கதவு தட்டப்பட்டது.
ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியும்
தலையில் கட்டிய விளக்குமாக எருந்தினா.
“மணி இரண்டு நாற்பது.
உன் தண்ணீர் ஆரம்பம்.”

“உன் பக்கமே விட்டுக்கொள்ளேன்,” என்றேன்.
“எனக்கென்ன புல்லா, மாடா.”
“என்னுடையது முடிந்தது,” என்றாள்.
அவ்வளவுதான்.

செருப்போடு போனேன், நனைந்தேன்.
கற்பலகையைத் தூக்கத் தெரியவில்லை;
அவள் சொல்லித் தரவும் இல்லை.
மூன்றாவது இழுப்பில் வந்தது.
என் பட்டையில் காஞ்சொறி மட்டும், இடுப்பளவு.
அதன் வேருக்கெல்லாம் தண்ணீர் மரியாதையாகப் போனது.
அவள் வரப்பில் நின்றாள்,
ஒரு சொட்டு தன் பக்கம் திரும்பாமல்
காலால் மண்ணை அணைத்தபடி.

கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபதுக்கு என் கல்லைப் போட்டு மூடினாள்.
அடுத்த கல்லைத் தூக்கினாள், ஒரே இழுப்பில்.
அமாரோவின் பட்டை இருட்டில் குடிக்கத் தொடங்கியது.
புவெனோஸ் ஐரிஸில் இந்நேரம்
இரவுச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

“நீ போய்ப் படு,” என்றாள்.
“அவனுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.”